குரல் சோதனை

"உங்கள் குரலில் பயம் தெரிகிறது. கணவரின் சம்மதம் கேட்கட்டுமா?" இரண்டாம் முறையும் கைபேசியில் வங்கியின் தானியங்கிக் குரல் அதையே சொன்னது.

பூங்கோதைக்கு வியர்த்தது. பனியன் கம்பெனியில் பத்து வருஷம் உழைத்துச் சேர்த்த பணம். கேட்டால் அவன் வேண்டாமென்பான். மூன்றாம் முறையும் குரல் நடுங்கினால், கணக்கு ஒரு வாரம் பூட்டிக்கொள்ளும்.

"இந்தக் கடைக்கு அட்வான்ஸ் கொடுக்க இன்னொருத்தர் வெளிய நிக்கிறாருங்கம்மா," என்றார் கடை உரிமையாளர்.

அவள் கைபேசியை வாயருகே கொண்டுபோனாள். "பயமாத்தான் இருக்கு. போட்ட முதல் போயிருமோன்னு பயம். எங்கூட்டுக்காரரு என்ன சொல்வாரோன்னு பயம். எல்லாம் தெரிஞ்சுதான் கேக்கறேன். அனுப்பு."

"அனுப்புகிறேன்," என்றது வங்கி. பிறகு உரிமையாளரின் கைபேசி சிணுங்கியது. அவர் சாவியை நீட்டினார்.

அதை வாங்கும்போதுதான் அவள் கை நடுங்கியது.