எடுத்துக்கொடுப்பவர்

சபைப் போதகர் ஞானசிகாமணி ஐயருக்குத் திக்குவாய். ஜெபத்தின் முடிவில் வரும் 'சமாதானம்' என்ற சொல்லில் தவறாமல் சிக்கிக்கொள்வார். 'ச' என்று தொடங்கி, கண்ணை மூடி, தாடை நடுங்க நிற்பார். சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். அந்தக் காத்திருப்பைத்தான் ஐயருக்கு உதவியாக இருந்த உபதேசியார் பாக்கியதாஸால் பொறுக்க முடியவில்லை. வேதம் முழுக்க அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வாயைத் திறந்தால் அருவி. ஆனாலும் வீட்டுப் பிரதிஷ்டையோ நோய்ப்படுக்கையோ, ஜனங்கள் ஐயரைத்தான் தேடினார்கள். அதனால் ஞாயிறுதோறும் ஐயர் சிக்கிய மறுகணமே, கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில், "சமாதானம்" என்று எடுத்துக்கொடுப்பார். ஆராதனை முடிந்ததும் ஐயர் அவர் கையைப் பிடித்து நன்றி சொல்வார். அது உபதேசியாருக்கு இன்னும் எரியும்.

உபதேசியாரின் மனைவி புஷ்பத்துக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்முன் அவர் ஜெபிக்க வாயெடுத்தார்.

"நீங்க இருங்க. ஐயரக் கூப்பிடுங்க," என்றாள். "நீங்க ஒப்பிப்பிய. அவருதான் ஆண்டவர்கிட்ட கேப்பாரு."

அவரே போய் அழைத்து வந்தார். ஐயர் புஷ்பத்தின் தலையில் கைவைத்து ஜெபித்தார். 'ச' என்றதும் நின்றது. பாக்கியதாஸின் நாக்கு நுனிக்கு அந்தச் சொல் வந்துவிட்டது. புஷ்பம் கண்ணைத் திறக்காமலே, ஊசி செருகியிருந்த கையை நீட்டி அவர் வாயைப் பொத்தினாள். கதவைத் திறந்து பிடித்திருந்த நர்ஸும் அசையவில்லை. ஐயரின் தாடை நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒரு சொல் வந்துவிட வேண்டுமே என்று, பொத்திய வாயோடு உபதேசியார் நின்றார்.