கிருமிக்குக் கஞ்சி

நடுவீட்டில் அம்மாவின் பிணம் கிடந்தது. எடுக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்பது அந்த வீட்டு முறை.

அந்த நேரத்தில் மாரிக்கனியைக் கம்பெனி சூப்பர்வைசர் போனில் கூப்பிட்டார். கம்பெனி உருவாக்கிய கிருமிகளைக் குடலில் வளர்த்து, அவை சுரக்கும் அமினோ அமிலத்தை வாராவாரம் ஒப்படைப்பதுதான் அவள் வேலை.

"காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலையாம்மா? கிருமியெல்லாம் சாகுதுன்னு இங்க காட்டுது. கஞ்சியாவது குடிங்க."

"எங்கம்மா செத்துட்டாங்க சார். இன்னும் எடுக்கல."

"துக்கம் உங்களுக்குத்தானேம்மா. அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

கிருமி செத்தால் வேலையும் போய்விடும். அவள் அடுப்படிக்குப் போய், நேற்று அம்மா குடித்து மீந்த கஞ்சியைக் கதவோரம் நின்று குடித்தாள்.

சித்தி பார்த்துவிட்டாள். "பெத்தவளத் தூக்குறதுக்குள்ள வயிறு கேக்குதோ இவளுக்கு," என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி.

போனில் செய்தி வந்தது: உற்பத்தி சீராகிவிட்டது, நன்றி.

மாரிக்கனியின் பசி அப்படியே இருந்தது.