மரத்தில் கட்டிய பிள்ளை

“ஏம்மா, நீயெல்லாம் பெத்த தாயா?”

காபிச் செடிக்குள் குனிந்து பழம் பறித்துக்கொண்டிருந்த சசிரேகா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

சுடிதார் போட்ட ஒருத்தி செல்போனை நீட்டிப் பிடித்தபடி நின்றிருந்தாள். போன், சசிரேகாவின் ஒன்றரை வயது மகள் பவித்ராவைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. குழந்தையின் இடுப்பில் ஒரு பழைய சேலைத் துண்டு. அதன் மறுமுனை சில்வர் ஓக் மரத்தில்.

“நாய்க்குட்டியக் கட்டுற மாதிரி கட்டிப் போட்டிருக்கியே, எப்படி மனசு வந்துச்சு?”

“வீடியோ வேண்டாங்க அக்கா...”

“ஏன் வேண்டாம்? நாலு பேர் பார்த்துக் காறித் துப்பட்டும்.”

இந்த அமுதவல்லி சேலத்திலிருந்து ஏற்காடு சுற்றிப் பார்க்க வந்தவள். மலையேறிய கார் பாதியில் சூடாகிவிட, கணவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ரோட்டில் நின்றார். பொழுது போகாமல் நாலு வயது மகனோடு தோட்டத்துக்குள் இறங்கியவள் கண்ணில் இது பட்டுவிட்டது.

“எஸ்டேட்டுல புள்ளைகளப் பாத்துக்கிற கொட்டகை ஆயா ஒரு வாரமா லீவுங்க. ஊட்டுல பாத்துக்க ஆளில்லீங்க. இங்க அவுத்து உட்டா...”

“சாக்குச் சொல்லாத. ஆளில்லைன்னா வேலைக்கு வராத. புள்ளைய விட வேலை பெருசா?”

வேலைக்கு வராவிட்டால் அந்தப் பிள்ளைக்குச் சோறு ஏது? கேட்க வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். காரணம், கீழே பழம் எடை போடும் இடத்தில், வேலையாட்களைக் கணக்குப் பார்க்கும் ரைட்டர் ஸ்தனிஸ்லாஸ் நின்றார். இந்த சீசனுக்குப் புதிதாக வந்தவர். வந்த அன்றைக்கே கறாராகச் சொல்லிவிட்டார், கைக்குழந்தையைக் காட்டுக்குள் பார்த்தால் அன்றோடு வேலை கிடையாது என்று.

“மெதுவாப் பேசுங்க அக்கா. ரைட்டர் பாத்தா என்னைய நிறுத்திப்போடுவாருங்க.”

சொல்லியிருக்கக் கூடாது.

“ரைட்டரா? எங்க? சார்! சார், கொஞ்சம் மேல வாங்க!”

கீழே வெள்ளைத் தொப்பி ஒன்று நிமிர்ந்தது. மேட்டில் ஏறி வரத் தொடங்கியது.

சசிரேகாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மரத்தடிக்கு ஓடி முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். அமுதவல்லி குறுக்கே வந்து நின்றாள்.

“அவுக்காத. அவர் வந்து பார்க்கட்டும்.”

அப்போதுதான் சசிரேகா கவனித்தாள். இவ்வளவு நேரம் பின்னால் சருகை உதைத்து விளையாடிக்கொண்டிருந்த பையனைக் காணோம்.

“உங்க பையன் எங்கீங்க?”

“பேச்சை மாத்தாத. இங்கதான்... தினேஷ்? டேய், தினேஷ்!”

பதில் இல்லை. அமுதவல்லி செடிகளுக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்தாள். சசிரேகா தரையைப் பார்த்தாள். மழைத் தண்ணீர் தேங்கட்டும் என்று செடி வரிசைகளுக்கு நடுவே குழி வெட்டி வைப்பது எஸ்டேட் வழக்கம். சருகு விழுந்து மூடிவிட்டால் குழி எது, தரை எது என்று இங்கேயே வேலை செய்கிறவர்களுக்குக்கூடச் சட்டென்று தெரியாது.

நாலாவது வரிசையில், ஓர் இடத்தில் மட்டும் சருகு நனைந்து கலைந்திருந்தது.

பாய்ந்தாள். தோள் வரை கையை விட்டுத் துழாவினாள். சட்டை அகப்பட்டது. இழுத்தாள். சேறும் சருகுமாக வந்த பையன் அசையவே இல்லை. குப்புறப் போட்டு முதுகில் தட்டினாள். மறுபடி தட்டினாள். குபுக்கென்று தண்ணீரைக் கக்கியவன், ஓவென்று அழுதான்.

“ஒண்ணுமில்லீங்க அக்கா. நொம்பப் பயந்துட்டாஞ் சாமி, அவ்வளவுதான்.”

அமுதவல்லி மகனை வாரி அணைத்துக்கொண்டு சருகிலேயே உட்கார்ந்துவிட்டாள். குழியைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். அந்தச் சேலைத் துண்டைப் பார்த்தாள்.

“இதுக்காகத்தான் கட்டி வச்சியா?”

சசிரேகா பதில் சொல்வதற்குள் ரைட்டர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். அவர் கண் நேரே மரத்தடிக்குத்தான் போனது.

“இது யாரு புள்ள?”

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? சொல்லிவிடலாம் என்று சசிரேகா வாயைத் திறந்தாள்.

“என்னுதுங்க சார்.”

சொன்னது அமுதவல்லி. எழுந்துபோய் முடிச்சை அவிழ்த்து, பவித்ராவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அந்த வாண்டுக்கு இதெல்லாம் புரியுமா? சசிரேகாவைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி “ம்மா” என்றது.

ரைட்டரின் புருவம் உயர்ந்தது. சசிரேகா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“யாரைப் பார்த்தாலும் அம்மாம்பா சார். ஒரு இடத்துல நிக்க மாட்டா. நான்தான் இந்தத் தங்கச்சிகிட்ட துணி வாங்கிக் கட்டி வச்சேன். அதுக்குள்ள பையன் குழியில விழுந்துட்டான். இவங்கதான் தூக்கினாங்க.”

ரைட்டர் சேலைத் துண்டையும் சேறு சொட்டும் பையனையும் மாறி மாறிப் பார்த்தார். எஸ்டேட் ஆளாக இருந்தால் மலையே அதிரக் கத்தியிருப்பார். டூரிஸ்ட் ஆயிற்றே, குரலை அடக்கிக்கொண்டார்.

“ஏனுங்க மேடம், படிச்சவங்களாத் தெரியறீங்க. ஒண்ணைக் குழியில உட்டுட்டு, இன்னொண்ணை மரத்துல கட்டிப் போட்டு... பெத்த தாய் செய்யற காரியமாங்க இது?”

“தப்புதாங்க” என்றாள் அமுதவல்லி, சசிரேகாவின் முகத்தைப் பார்த்து.