சாவி போட்டபடி

பொறி வந்தது.

அவள் நம்பவில்லை. கழற்றிய பிளக்கைப் படகு எஞ்சினின் உலோகத்தில் வைத்து ஸ்டார்ட்டரை இன்னொரு முறை அழுத்தினாள். நீலமான, கொழுத்த பொறி, சடசடவென்று பறந்தது.

அடுத்த பிளக்கிலும் அப்படியே.

அவள் பட்டறைச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்படியானால் தன் கை கணவரைக் கொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை இந்தப் படகில் கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை. இன்று வெள்ளி. ஆளில்லாமல் மிதந்த படகைக் காலையில் கண்டுபிடித்து இழுத்து வந்தவன் அவருடைய தம்பி. உள்ளே அவருடைய செருப்பு மட்டும் ஜோடியாகக் கிடந்தது.

"சாவி ஆன்லயே இருந்துச்சு அண்ணி. ஓடிட்டு இருக்கறப்பவே எஞ்சின் நின்னிருக்கு. நான் எதையும் தொடல, அப்படியே கட்டி இழுத்துட்டு வந்தேன்" என்றான் அவன்.

ஊரும் அதையேதான் சொன்னது. நடுக்கடலில் எஞ்சின் நின்றிருக்கிறது, குனிந்து பார்த்திருக்கிறார், அலை தூக்கி எறிந்திருக்கிறது. எஞ்சின் ஏன் நின்றது என்பதற்கும் பதில் தயாராக இருந்தது. போன வாரம் அதைப் பிரித்து மேய்ந்தது யார்? கரண்டு அக்கா.

அது அவளுக்கு ஊர் வைத்த பெயர். வேலை ஆக வேண்டுமென்றால் அக்கா, ஆகிவிட்டால் வெறும் கரண்டு.

பழைய எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு, பேட்டரியில் ஓடும் இந்த வகையைப் போடலாம் என்று ஒற்றைக்காலில் நின்றவர் கணவர்தான். வயர் இழுத்து, பொறியை உண்டாக்கும் சி.டி.ஐ. பெட்டியை மாட்டி, முடுக்கியது அவள். நான்கு இரவுகளாகக் கண்ணை மூடினால் அந்த வயர்கள்தான் வந்தன. எர்த் வயரை இறுக்கினேனா, இல்லையா? வாசலில் மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதார். பொட்டச்சி கையில எஞ்சினைக் கொடுத்தா வேற என்ன ஆகும்?

ஒருவேளை உண்மையாக இருந்தால் என்ற பயம் அவள் வாயைக் கட்டிப்போட்டிருந்தது.

இப்போது பொறி பறக்கிறது. அவள் அழுதாள். புருஷன் போன வீட்டில் நிம்மதியில் அழுகிற முதல் பெண்பிள்ளை தானாகத்தான் இருக்கும் என்று நினைத்து, வெட்கப்பட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கொழுந்தன் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். நல்ல பிள்ளை.

தொட்ட சோதனையை முடித்துவிடுவோம் என்று மீட்டரை எடுத்து பேட்டரியில் வைத்தாள்.

பன்னிரண்டரை வோல்ட். ஏறக்குறைய முழு சார்ஜ்.

முனைகளைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதேதான்.

தூக்கிவாரிப்போட்டது.

பழைய எஞ்சினில் சுற்றும் சக்கரமே பொறிக்கான மின்சாரத்தைத் தயாரித்துக்கொள்ளும். சாவி ஆனில் கிடந்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது. இது அப்படியில்லை. சாவியைத் திருப்பிய நொடியிலிருந்து பெட்டி பேட்டரியை உறிஞ்சத் தொடங்கும். எஞ்சின் ஓடாவிட்டாலும் உறிஞ்சும். ஓடாத எஞ்சினோடு ஓர் இரவு சாவி ஆனில் கிடந்தாலே, காலையில் பேட்டரி பிணம்.

இப்போதும் பெட்டி கொசு ரீங்கரிப்பதுபோல் மெல்லிதாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

கடலில் அத்தனை நாள் இந்தச் சாவி ஆனில் இருந்திருக்க முடியாது. யாரோ எஞ்சினை முறையாக அணைத்திருக்கிறார்கள். யாரோ இன்று காலைதான் சாவியைத் திருப்பி வைத்திருக்கிறார்கள், ஓடும்போதே நின்றதுபோலத் தெரியட்டும் என்று. பழைய எஞ்சின் மட்டுமே ஓட்டிப் பழகிய யாரோ.

அவள் நிமிர்ந்தாள்.

கொழுந்தன் மீட்டரைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு வோல்ட் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் அண்ணியின் முகத்தைப் படிக்கத் தெரியும். சொம்பு அவன் கையிலிருந்து நழுவித் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது.

அண்ணனைத் தம்பியே கொன்றுவிட்டான் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. பக்கத்தில் கிடந்த ஸ்பானரைக் கை தானாகவே எடுத்தது.

"உங்க அண்ணனை என்னடா பண்ணினே?"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். வாசலில் அழுகிறவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்தினான்.

"நான் ஒண்ணும் பண்ணல அண்ணி. அன்னைக்கே வேற கரையில இறக்கி பஸ் ஏத்திவிட்டேன், அவ்வளவுதான். அவரு நல்லா இருக்காரு. உங்களை மட்டும் தேட விடாதேன்னு சொன்னாரு."

அவரு நல்லா இருக்காரு.

இந்த ஒரு சொல்லை யாராவது வந்து சொல்லிவிட வேண்டும் என்று, நான்கு நாட்களாக அவள் வேண்டாத தெய்வமில்லை.