இன்னும் ஐந்நூறு மைல்

“எண்ணெயைப் பார்த்துக் கறுப்புன்னு எவன் வேணா சொல்லுவான். கெட்டுப்போச்சா இல்லையான்னு காகிதம்தான் சொல்லணும். தெரியுதா, சுப்பையா?”

“தெரியுதுங்க எசமான்” என்றான் பியூன் சுப்பையன். போன மாதமும் இதையேதான் சொன்னான்.

காரவள்ளி வனத்துறை ஆபீஸ் வாசலில், தன் சின்ன மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் குந்தியிருந்தார் ரேஞ்சர் குப்புசாமி. மலையேறாத வண்டி அது. அடிவாரத்து மண்ரோட்டில் ஓடுவதற்கே ஊரைக் கூட்டும். யுத்த காலம் வேறு. இஞ்சின் எண்ணெய் சேலத்தில்கூடக் கிடைக்கவில்லை. ஊற்றிய எண்ணெயை இன்னும் எவ்வளவு தூரத்துக்கு ஓட்டலாம் என்று மாதாமாதம் சோதித்து, எழுதி, கையெழுத்துப் போட வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. உத்தரவு என்றால் குப்புசாமிக்கு உயிர்.

ஆடு வளர்க்கும் பொன்னாயி காலையிலிருந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சாமி, என்ற மனு...”

“மேசைமேல வெச்சாச்சில்ல? பார்க்கலாம்.”

“இது நாலாவது மனுங்க. மழையில்லாம கீழ ஒரு புல்லு கெடையாது. ரெண்டு ஆடு செத்தே போச்சு. மிச்சம் பதினாறும் எலும்புந்தோலுமா நிக்குது. சர்க்கார் காட்டுக் கரட்டுமேல ஓட்டி மேய்ச்சுக்க ஒரு உத்தரவு குடுங்க சாமி.”

“முதல் மனுவுல ஆடு எத்தனைன்னே இல்லை. ரெண்டாவதுல கெடா எத்தனை, பொட்டை எத்தனைன்னு இல்லை. மூணாவதுல, நடுவுல குட்டி போட்டா எண்ணிக்கை என்ன ஆகும்னு இல்லை. சர்க்கார்னா வெளையாட்டா?”

“குட்டி போடறதுக்கு ஆடு உசுரோட இருக்கோணுமில்லீங்களா?”

“கம்முனு இரு பொன்னாயக்கா” என்று சுப்பையன் மெதுவாகச் சொன்னான்.

குப்புசாமி அதைக் காதிலேயே வாங்கவில்லை. எண்ணெய் டாங்கிக்குள் ஓர் ஈர்க்குச்சியை விட்டு எடுத்தார். இரண்டு விரலுக்கு நடுவே எண்ணெயைத் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

“நரநரப்பு இல்லை. கருகின வாடை இல்லை. சுப்பையா, மையொற்றும் தாள் கொண்டா!”

“அது தீந்து ரெண்டு மாசமாச்சுங்க எசமான்.”

“எண்ணெயை உறிஞ்சற மாதிரி ஏதாவது முரட்டுக் காகிதம் கொண்டாயேன்! ஆபீஸ்ல காகிதத்துக்கா பஞ்சம்?”

உள்ளே போன சுப்பையன் சற்றுத் தாமதித்தே வந்தான். இரண்டாக மடித்த பழுப்புக் காகிதம் ஒன்றை நீட்டினான். குப்புசாமி அதன்மேல் ஒரே ஒரு சொட்டு விட்டு, தலை சாய்த்துப் பார்த்தார்.

“பாரு. நடுவுல தார் மாதிரி கட்டியா நின்னா எண்ணெய் செத்துப்போச்சு. இப்படி ஒரே சீரா விரிஞ்சா உசுரு இருக்குன்னு அர்த்தம்.”

பொன்னாயி தனக்குள் பொருமினாள். எண்ணெய்க்கு உயிர் இருக்கிறதா என்று இத்தனை அக்கறையாகப் பார்க்கிற மனுசனுக்கு, பதினாறு உயிர் கண்ணில் படவில்லையே!

குப்புசாமி பேனாவைத் திறந்து, சொல்லிக்கொண்டே எழுதினார்: “நேரில் சோதித்தேன். குறையொன்றும் இல்லை. இன்னும் ஐந்நூறு மைல் ஓட்டலாம்.” கையெழுத்து, தேதி, அதன்மேல் டொக்கென்று ஒரு ரப்பர் ஸ்டாம்பு.

“காஞ்சதும் சேர்க்கவேண்டிய எடத்துல சேர்த்துடு. நான் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒரு நாள்கூட ஆபீஸ்ல தூங்கக் கூடாது!”

“இப்பவே சேத்துடறேனுங்க.”

“பொன்னாயி, உன் மனுவை அடுத்த வாரம் பார்க்கலாம், போ.”

பொன்னாயி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். காகிதத்தை வெயிலில் ஆட்டிக்கொண்டே சுப்பையனும் படியிறங்கினான்.

நாலாம் நாள் ஜில்லா அதிகாரி பார்வையிட வந்தார். அவரைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு, எண்ணெய்ப் பரிசோதனையை வழிநெடுக விளக்கியபடி வண்டியை ஓட்டினார் குப்புசாமி. கரட்டுக் குன்றின் திருப்பத்தில் பிரேக்கை அழுத்தினார். பதினாறு ஆடுகள் ஆனந்தமாக மேய்ந்துகொண்டிருந்தன.

“ஏய் பொன்னாயி! சர்க்கார் காட்டுக்குள்ள ஆடா? யாரு உத்தரவு குடுத்தது?”

“நீங்கதானுங்க சாமி!”

மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். குப்புசாமி கை நீட்டுவதற்குள் ஜில்லா அதிகாரி வாங்கிக்கொண்டார். மடிப்பைப் பிரித்து, “பதினாறு ஆடுகளைக் கரட்டில் ஓட்டி மேய்க்க அனுமதி வேண்டி...” என்று வாசித்தார். பிறகு பின்பக்கம் திருப்பினார்.

“உம்ம கையெழுத்துதானே இது? நடுவுல என்னய்யா வட்டமா ஏதோ கறை?”

அன்று எண்ணெய் சொட்டிய காகிதம் எதுவென்று குப்புசாமிக்கு அப்போதுதான் விளங்கியது. குடிமக்கள் கொடுத்த மனுவில் வண்டி எண்ணெயைச் சொட்டவிட்டேன் என்று சொன்னால், வேலையே போய்விடும்.

“என்... என் கையெழுத்துதான் சார். நேர்ல பார்த்துத்தான் குடுத்தேன்.”

“அது சரி, இதென்ன கணக்கு?” அதிகாரி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படித்தார். “ ‘குறையொன்றும் இல்லை. இன்னும் ஐந்நூறு மைல் ஓட்டலாம்.’ ”

பொன்னாயி அவசரமாகக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“அத்தனை தூரமெல்லாம் வேண்டாமுங்க சாமி. என்ற ஆட்டுக்கு இந்தக் கரடே போதுமுங்க!”