புளூட்டோ பாட்டுக்கு ஒரு ரசிகை

கணக்கை மாற்ற மறந்துவிட்டான்.

நடந்தது அவ்வளவுதான். தன் பாட்டுக்குக் கீழே தன் கணக்கிலிருந்தே, 'அண்ணா, இந்த வரியில அழுதுட்டேன்' என்று எழுதிவிட்டான். ஒரு போலிப் பெண்பெயரில் போட்டிருக்க வேண்டியது.

உடனே அழித்தான். அதற்குள் ஒருவன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டான். இந்த மாதிரி விஷயத்துக்கு மட்டும் கண்கொத்திப் பாம்பாக ஒருவன் எங்கேயாவது காத்திருப்பான்.

பாட்டு புளூட்டோவைப் பற்றியது. ராப் பாட்டு. கோள்களின் வரிசையிலிருந்து விரட்டப்பட்ட புளூட்டோ, விரட்டியவர்களைப் பார்த்துக் கேட்கிறது:

'கோள் இல்லை என்றீர்கள். நான் சுற்றுவதை நிறுத்தினேனா?'

இதை எழுதியவன் ஒரு டியூஷன் சென்டரில் இயற்பியல் நடத்துகிறவன். தணிகைநாதன் என்று பெயர். இணையத்தில் எம்.சி. குவார்க். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே மெத்தையை நிறுத்தி, ஃபேனை அணைத்து, வியர்வை சொட்டச் சொட்டப் பாடிப் பதிவு செய்வான்.

கேட்கத்தான் நாதியில்லை.

போலிப் பெயர்களில் தன்னையே பாராட்டிக்கொண்டதும் அதனால்தான். போணியாகாத கடையில் முதலாளியே ஒரு மிட்டாய் வாங்கித் தின்பதைப் போல. தப்புதான், யார் இல்லையென்றது? ஆனால் அவன் யார் குடியைக் கெடுத்தான்?

இப்போது பாட்டுக்குக் கூட்டம் வந்தது.

பாட்டைக் கேட்க அல்ல, சிரிக்க. வந்தவர்கள் நேராகக் கீழே, கமெண்டுகளுக்கு இறங்கினார்கள். பாராட்டியிருந்த ஒவ்வொரு பெயரையும் சட்டையைப் பிடித்து உலுக்கி, 'நீயும் குவார்க்தானே?' என்று கேட்டார்கள்.

அதில் ஜெபிஷாவும் மாட்டிக்கொண்டாள்.

அவள் ஒருத்திதான் நிஜம்.

திசையன்விளைப் பக்கம். பி.எஸ்சி. படிக்கிறாள். முகத்தை அவன் பார்த்ததில்லை. ஒவ்வொரு பாட்டையும் முழுசாகக் கேட்பாள், பாராட்டுவாள், கையோடு ஒரு பிழையும் சொல்வாள். 'அண்ணே, புளூட்டோவுக்கு நிலவு அஞ்சு. நீங்க நாலுன்னு பாடிட்டிய.' அதைப் படித்த அன்றைக்கே மெத்தையை மறுபடி நிறுத்தி, அந்த வரியைத் திரும்பப் பாடி ஏற்றினான். நன்றி என்றும் எழுதினான். அன்று அவனுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. தப்பு கண்டுபிடிக்கும் அளவுக்குத் தன் பாட்டை ஒரு ஜீவன் கேட்டிருக்கிறதே.

அதையும் ஒருவன் தோண்டி எடுத்தான். 'தன் தப்பைத் தானே திருத்திட்டு, தனக்கே நன்றி சொல்லிருக்காப்ல.' அன்றைக்கு அதற்குத்தான் லைக் குவிந்தது.

'நான் நிஜமாவே வேற ஆளு' என்று எழுதினாள் ஜெபிஷா.

சிரித்தார்கள்.

அவளுக்காக அவன் சாட்சி சொன்னான். போலிக் கணக்குகள் எல்லாம் என்னுடையவை, ஒப்புக்கொள்கிறேன், இந்தப் பெண் மட்டும் நிஜம் என்று எழுதினான். காரியம் இன்னும் கெட்டது. அவள் நிஜமென்று அவன் சொன்னதே அவள் போலி என்பதற்கு அத்தாட்சியாகிவிட்டது.

தனிச்செய்தியில் அவள் கேட்டாள். 'லைவ் போடுங்க அண்ணே. நான் வந்து பேசுதேன். குரலைக் கேட்டா நம்பிருவாங்க.'

மத்தியான வெயிலில், மூடிய அறையில், லைவ் போட்டான்.

கூட்டம் திமுதிமுவென்று நுழைந்தது. அவள் வந்தாள். திரையின் பாதியில் ஒரு கருப்புக் கட்டம், அதில் அவள் பெயர். பின்னால் எங்கோ ஒரு ஆடு கத்தியது.

பேசவில்லை. பாடினாள்.

புளூட்டோ பாட்டை முதல் வரியிலிருந்து பாடினாள். அவனே மூச்சு வாங்கும் இடங்களில்கூட அவள் நிற்கவில்லை. குரல் நடுங்கியது, தாளம் பிசகவில்லை. தன் பாட்டை இன்னொரு வாயிலிருந்து அவன் கேட்பது அதுதான் முதல் தடவை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இது போதும், செத்தாலும் பரவாயில்லை என்றுகூட நினைத்தான்.

பாடி முடித்தாள்.

'ஏ.ஐ. குரல்' என்று ஒருவன் போட்டான்.

'ஆப் வச்சுக் குரலை மாத்திட்டான்' என்று இன்னொருவன்.

பிறகு எல்லோரும் ஒன்றையே எழுதத் தொடங்கினார்கள். முகத்தைக் காட்டு. முகத்தைக் காட்டு. திரை முழுக்க அதுவே ஓடியது.

முகத்தைக் காட்டினால் என்ன செய்வார்கள் என்று அவனுக்குத் தெரியும். காலையில்தான் அவன் முகத்தை வெட்டி, கழிப்பறைப் பீங்கானுக்குள் ஒட்டி, சுற்றுக்கு விட்டிருந்தார்கள். அவனாவது ஆண்பிள்ளை. அவளோ வீட்டுக்குத் தெரியாமல் வந்திருப்பவள். முன்பே ஒரு தடவை எழுதியிருந்தாள்: 'எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா போனைப் பிடுங்கிட்டு, படிப்பையும் நிறுத்திருவாவ.'

லைவை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் கட்டைவிரலுக்கு அடியில்தான் இருந்தது. அழுத்தினால் அவள் தப்பிப்பாள். அவன் காலத்துக்கும் பொய்யன்.

"அண்ணே" என்றாள். கூட்டத்தை விட்டுவிட்டு, அவனிடம்தான் கேட்டாள். "கேமராவப் போடட்டுமா?"

பார்ப்பவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. அவன் பாட்டுக்கு இத்தனை பேர் ஒருநாளும் வந்ததில்லை.

"போடும்மா" என்றான்.