நத்தை ஷிப்ட்

"இந்த மாசமும் உற்பத்தியில நீங்கதான் கடைசி!" மேனேஜர் அவளைப் பார்த்து மேஜையைத் தட்டினார். "ஆமை புகுந்த வீடே உருப்படாதுன்னு சொல்வாங்க. எனக்கு நத்தையே வந்து வாய்ச்சிருக்கு!"

இரும்புத் தாது ஆலையில் வடிகட்டும் பிரிவு அது. அரைத்த தாதுக் கூழைத் துணியில் பரப்பி, நீரை உறிஞ்சி எடுப்பார்கள். பகல் ஷிப்டுக்கு அவள்தான் பொறுப்பு. ஆலை முழுக்க அவர்களுக்கு நத்தை ஷிப்ட் என்றே பெயர்.

"தாது ரொம்ப நைஸா அரைஞ்சு வருது சார். களிமண் வேற. துணி அடைச்சுக்குது. தண்ணி இறங்க நேரம் கொடுத்துத்தானே ஆகணும்?"

"அதே தாது, அதே துணி. நான் ஓட்டலையா?" என்றார், ஷிப்ட் மாற்ற வந்த இரவுப் பொறுப்பாளர். பட்டப்பெயர் புயல். அதில் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "அவங்க கணக்கே வேற சார். நம்ம சரக்கு போற கப்பல்ல அவங்க வீட்டுக்காரருக்கு வேலை. ஈரச் சரக்கு கப்பலுக்கு ஆகாதாம், அதான் இவ்வளவு அக்கறை!"

மேனேஜர் முகம் மாறியது. "சொந்த விஷயத்துக்காக ஆலையை மெதுவா ஓட்டறதா? நாளையிலேருந்து நீங்க ஸ்டோருக்குப் போயிடுங்க."

அவள் இரண்டு டப்பாக்களைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றில் புயலின் சரக்கு, மற்றதில் நத்தையின் சரக்கு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

இரண்டையும் மேஜைமேல் டக் டக்கென்று தட்டினாள். தட்டத் தட்ட, புயலின் டப்பாவில் தண்ணீர் மேலே வந்து, சரக்கு சேறாய்க் குழைந்தது. நத்தையின் சரக்கு அப்படியே இருந்தது.

"அலையில கப்பல் ஆடினாலும் இதேதான் சார். சரக்கு சேறாகி ஒரு பக்கமா ஓடும். கப்பல் கவுந்துடும். எங்க ஷிப்ட் சரக்கு ஒரு தடவைகூட இப்படிக் குழைஞ்சதில்லை."

குரலில் கர்வம் தெரிந்தது. தெரியட்டுமே, தகும்.

புயல் விடவில்லை. "நான் சொல்லலை? புருஷன் மூழ்கிடுவாரோன்னு பயம்!"

அவள் சிரித்தபடி ஜன்னலைக் காட்டினாள். கேட் ஓரமாக ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

"அதோ, அவர்தான். கப்பல் வேலையைப் போன வருஷமே விட்டுட்டார்."

மேனேஜர் விழித்தார். "அப்புறம் யாருக்காகம்மா இந்தப் பிடிவாதம்?"

"அவர் இடத்துல இப்ப வேற யாரோ ஒருத்தர் போறாரே, சார்!"